டீனா வீட்டு ஜெல்லி

கிளாடிஸ் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு போகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெட்டியைக் குழந்தையிடம் நீட்டுவதற்குள் நடுவில் கிளாடிஸின் கை வந்துவிடும். வாங்கித் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருக்கும் எழுத்தை ஃபோன் கேமராவில் பெரிதாக்கி வரிவரியாகப் படிப்பாள். வந்தவர் நின்றுகொண்டிருக்கிறார், உட்காரச் சொல்லவில்லை என்பதெல்லாம் அப்போது அவளுக்கு நினைவிருக்காது. படித்து முடித்ததும் முகம் நிறையச் சிரிப்பாள். "எதுக்குங்க இதெல்லாம்? ரொம்பச் சந்தோசமுங்க" என்று சொல்லிப் பெட்டியை அலமாரியின் உச்சித் தட்டில் ஏற்றிவிடுவாள். அங்கே ஏறிய இனிப்பு அந்த வீட்டுக்குள் திரும்ப இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இதை அவளுடைய தொழில் புத்தி என்று சொல்வார்கள். கோயம்புத்தூர் கணபதியில் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற ஒரு பட்டறையில் கிளாடிஸுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சைப் பெட்டியிலும் நூல் அளவு பிசகினாலும் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். அவளிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஷாஃப்ட்டையாவது பச்சைப் பெட்டிக்கு மாற்றிய ஆள் அந்தப் பட்டறையில் இல்லை. ஆனால் வீட்டில் அவள் எழுத்துப் பார்ப்பது தொழிலால் வந்ததல்ல, பயத்தால் வந்தது.

மகள் டீனாவுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஆசையாக ஒரு கரண்டி பால் பாயசம் ஊட்டிவிட்டார்கள். பந்தி முடிவதற்குள் குழந்தைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கணவன் ஜோஸ் வண்டியை விரட்ட, பின்னால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனாள் கிளாடிஸ். பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாது, முட்டையும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு உட்கார்ந்த பயம் இன்னும் எழுந்து போகவில்லை.

அந்த வீட்டில் டீனா மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். மாமனார் தேவானந்தத்துக்குச் சர்க்கரை. ஜோஸுக்குக் கத்தரிக்காய் பட்டால் போதும், முழங்கை வரை சொறிவான். கிளாடிஸுக்கு மட்டும்தான் எல்லாமே ஒத்துக்கொள்ளும். அதனாலேயே எல்லோரும் ஒதுக்கியது அவள் தட்டுக்கு வந்து சேரும்.

டீனாவுக்கு ஒரு மஞ்சள் டப்பா உண்டு. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எங்கே போனாலும் அதில் இட்லியும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியும் போகும். பந்தியில் நெய்க் கரண்டியோடு பரிமாறுகிறவர்கள் வருவார்கள் என்பதால் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு அங்கே பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "நாங்கெல்லாம் பாலு குடிச்சுத்தானுங்க வளந்தோம்" என்பார் ஒருவர். "ஒரு சொட்டுல என்ன ஆயிரப் போகுது?" என்பார் இன்னொருவர். கிளாடிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். டீனா யாரையும் பார்க்காமல் சாப்பிட்டு முடித்து, டப்பாவை மூடி, மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

இந்த வருடம் டீனாவுக்குப் பத்து வயது. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாரானாள். அவர்கள் கோயில் பங்கில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குப் பூசை முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஹாலில் பாய் விரித்து ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் வர வேண்டும். அதை அந்த வீட்டுப் பிள்ளைதான் தன் கையால் மற்றப் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும். வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியும் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பேச்செல்லாம் எங்கள் வீட்டிலிருந்து லட்டு, எங்கள் வீட்டிலிருந்து கேக் என்பதுதான்.

அந்தச் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்பவர் ஜெயக்கொடி அக்கா. தங்கமான மனுசி. புதுநன்மைக்கான கேட்டகிசம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தபோது கிளாடிஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்க ஊட்டுல இருந்து ஒண்ணும் வேண்டாமுங்க அம்மணி. உங்களுக்கு எதுக்கு அந்தச் செரமம்? புள்ள எப்பவும் போல அவ டப்பாவ எடுத்துட்டு வரட்டும். நான் ஓரமா ஒரு சேர் போட்டு வெக்கறேன்."

அக்கறையாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற டீனா காதிலும் அது விழுந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பிள்ளை கேட்டாள்.

"பூசை முடிஞ்சதும் நாம ஊட்டுக்கு வந்தர்லாமா அம்மா? எனக்கு அன்னிக்குப் பசிக்காது."

கிளாடிஸுக்கு அழுகை வந்தது. அதை விடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அன்றைக்கு முடிவு செய்தாள்: தன் மகள் அந்த வரிசையில் உட்கார வேண்டும். தன் கையால் எல்லோருக்கும் ஒன்றைப் பரிமாறிவிட்டு, அதையே தானும் சாப்பிட வேண்டும்.

என்ன செய்வது என்று யோசித்தாள். கேசரியில் நெய் இல்லாவிட்டால் யாரும் சீந்த மாட்டார்கள். கடையில் விற்கும் ஜெல்லிப் பவுடர் பாக்கெட்டில் பால் பொருள் கலந்திருக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. உறைய வைக்கக் கடல்பாசி வாங்கப் போனால், கடைக்காரர் பால் பவுடர் அள்ளிய கையாலேயே அதையும் அள்ளிப் பொட்டலம் கட்டினார். மூன்றும் சிவப்புப் பெட்டிக்குப் போயின. கடைசியில் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தாள். கொய்யாவை வேக வைத்து வடிகட்டிய சாறு, சர்க்கரை, எலுமிச்சை. அவ்வளவுதான், ஜெல்லி தானாக உறையும் என்றாள் வீடியோவில் வந்த பெண். எழுத்துப் பார்க்க வேண்டிய பொருள் ஒன்றுகூட அதில் இல்லை.

கொய்யாவுக்குப் பஞ்சமே இல்லை. ஜோஸ் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் தம்பிதுரையின் போர் மோட்டார் ஒரு கோடையில் புகைந்துபோக, வேறு வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைக் கட்டிக்கொடுத்தான் ஜோஸ். அதிலிருந்து தம்பிதுரையின் மனைவி நாச்சியம்மாள் அந்தக் குடும்பத்தைத் தன் உடன்பிறந்தவர்களாகவே நினைத்துக்கொண்டார். கிளாடிஸ் ஒரு வார்த்தை கேட்டதும் கூடை நிறையக் கொய்யா வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் மஞ்சள் மஞ்சளாக, தொட்டால் குழைகிற பழம். தெரு முழுக்க வாசம்.

வீடியோவில் சொன்னபடி அணு பிசகாமல் செய்தாள். ஆறியது. உறையவில்லை. சீட்டைக் குலுக்குவதுபோல் கிண்ணத்தைக் குலுக்கிப் பார்த்தாள். தண்ணீராகத்தான் ஆடியது.

"சர்பத்து நல்லா இருக்குது கிளாடிஸ்" என்றான் ஜோஸ், டம்ளரைக் காலி செய்துவிட்டு. அவள் பார்த்த பார்வையில் டம்ளரைக் கழுவியும் வைத்தான்.

இரண்டாம் தடவை சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தாள். பாகாக வந்தது. மறுபடி, இன்னும் நேரம் காய்ச்சினாள். கருத்துப்போய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டது. பழம் சரியில்லையோ என்று நாச்சியம்மாளிடம் மெல்ல இழுத்தாள். சாமி காரியத்துக்கு என்று தெரிந்துவிட்டதால் அவர் அடுத்த கூடைக்கு மரம் மரமாகப் போய், இன்னும் கனிந்ததாக, இன்னும் வாசமுள்ளதாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினார். அந்தக் கூடையும் சர்பத்தாகத்தான் போனது. புதுநன்மை நெருங்கிக்கொண்டே வந்தது. டீனா அவ்வப்போது அடுப்படிக்கு வந்து கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போவாள்.

விடை மாமனாரின் சட்டியில் இருந்தது.

சர்க்கரைக்காரர் கொய்யாவைப் பழமாகத் தின்னக் கூடாது, முழுக்கப் பழுக்காத செங்காயாகத் தின்னலாம் என்று தேவானந்தத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஜோஸ் தள்ளுவண்டியில் வாங்கி வருவான். கடிக்கத்தான் அவருக்குப் பல் இல்லை. அதனால் கிளாடிஸ் அந்தக் காய்களை நறுக்கி, தண்ணீர் ஊற்றி வேக வைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பாள். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், முந்தின நாள் காய் வெந்த தண்ணீர் சட்டியிலேயே இருந்ததைப் பார்த்தாள். கொட்டுவதற்காகச் சாய்த்தாள். அது தண்ணீரைப் போல விழவில்லை. வடித்த கஞ்சி ஆறினால் வருமே, அப்படிக் கொழகொழவென்று மொத்தமாக நகர்ந்தது.

கிளாடிஸ் சட்டியை நிமிர்த்தினாள். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பட்டறையில் ஒரு நாள் முழுக்க ஷாஃப்ட் ஷாஃப்ட்டாக வளைந்து வந்து, கடைசல் மெஷினைத் திட்டித் தீர்த்த பிறகு, வந்த இரும்பே மட்ட ரகம் என்று தெரிந்தது ஞாபகம் வந்தது.

அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்தத் தண்ணீரை வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சி ஒரு சாஸரில் ஊற்றினாள். பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. சாஸரைத் தொட்டபோது நடுவில் ஒரு நடுக்கம் ஓடி நின்றது. கவிழ்த்தாள். விழவில்லை.

"மாமா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தேவானந்தம் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்ன அம்மணி, கை சுட்டுப்போட்டியா?" என்றவர் முன்னால் கவிழ்ந்த சாஸரை நீட்டிக்கொண்டு நின்றாள் மருமகள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. குறை அவள் கையில் இல்லை, பழத்தின் பக்குவத்தில்தான். நன்றாகக் கனிந்தால் உறையும் குணம் போய்விடுகிறது. காயில்தான் அது இருக்கிறது. இத்தனை நாளும் மரியாதைக்கு வந்த பழம்தான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது.

காய் கேட்டு நாச்சியம்மாளுக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் நாச்சியம்மாளின் குரல் இறங்கிப்போனது.

"ஏனுங்க அம்மணி, பழத்துல புழு கிழு இருந்துச்சுங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க அக்கா. பழம் தேனாட்டம் இருந்துச்சு. எனக்கு வேணுங்கறது காயுங்க. செங்காயா, கெட்டியா."

"கோவத்துல பேசறீங்க. நீங்க வாய் தொறந்து கேட்டு நான் காயக் குடுத்தன்னா ஊருக்குள்ள தல காட்ட முடியுங்களா? அதுவும் சாமி காரியத்துக்கு! எங்க தோட்டத்துக்கு வர்ற ஆனைகூட காய உட்டுப்போட்டுப் பழத்தத்தானுங்க திங்குது."

இது ஃபோனில் தீருகிற வழக்கில்லை என்று கிளாடிஸுக்குப் புரிந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சாஸரை ஒரு தூக்குப்போசிக்குள் பத்திரமாக இறக்கி, காந்திபுரத்தில் பஸ் மாறித் தொண்டாமுத்தூர் போய்ச் சேர்ந்தாள். நாச்சியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மோர் கொடுத்தார். கிளாடிஸ் சாஸரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது காயில செஞ்சதுங்க அக்கா. நீங்க குடுத்த பழத்துல செஞ்சது தண்ணியாவே நின்னு போச்சுங்க. எம்புள்ள அன்னிக்கு எல்லாத்துக்கும் கையில எடுத்துக் குடுக்கோணும். இல்லாட்டி அவ போகவே மாட்டேங்கறா."

நாச்சியம்மாள் சாஸரின் ஓரத்தைத் தட்டினார். ஜெல்லி ஆடியது. மறுபடி தட்டினார். மறுபடி ஆடியது. ஒரு விரல் வழித்து வாயில் வைத்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அட, ஆமாங்க! அஸ்காச் சக்கரயும் காயும் சேந்தா இந்தக் கூத்தா?" என்று எழுந்தார். "குடுக்கறேன். ஆனா ஒண்ணு கண்ணு. அடியில காய் இருக்கட்டும். மேலால நாலு பழம் போட்டுத்தான் அனுப்புவேன். பஸ்ஸுல பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

அந்த நாலு பழமும் வீண் போகவில்லை. காய்ச் சாறு கெட்டியாக உறைந்ததே தவிர, அதில் வாசம் கம்மி. நாச்சியம்மாளின் மானத்துக்காக மேலே வந்த பழத்தை நறுக்கி அதோடு சேர்த்து வேக வைத்தபோதுதான் வாசமும் நிறமும் கூடி வந்தன. கிளாடிஸ் மனசார அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

புதுநன்மைக்கு முந்தின நாள் சனிக்கிழமை அடுப்படியில் பால் பாத்திரம் நுழையக் கூடாது என்று உத்தரவு. எல்லோருக்கும் கறுப்புக் காபிதான். சட்டியும் கரண்டியும் புளி போட்டுத் தேய்த்து வெந்நீரில் கழுவப்பட்டன. சாறு வடிகட்ட தேவானந்தம் தன் புது வேட்டியையே கிழித்துக் கொடுத்தார். சீக்கிரம் ஆகட்டும் என்று ஜோஸ் துணியைப் பிழியப் போனான்.

"தொடாதீங்க! பிழிஞ்சா கலங்கிப்போகும். அதுவாச் சொட்டோணும்" என்று கத்தினாள் கிளாடிஸ்.

மோட்டார் கம்பியை ஒரு சுற்றுப் பிசகாமல் சுற்றுகிற மனிதன், திட்டு வாங்கிய பிள்ளையாட்டம் கையைக் கட்டிக்கொண்டு சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீனா எலுமிச்சை பிழிந்தாள். பாகு கொதித்து, நுரை எடுத்து, ஒரு துளியைத் தட்டில் விட்டுத் தள்ளிப் பார்த்தபோது அது தோல் கட்டிச் சுருங்கியது. சின்னச் சின்னக் காகிதக் கப்புகளில் ஊற்றினார்கள். விளக்கு வெளிச்சத்தில் கப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டீனா, "அம்மா, கோயில் கண்ணாடி ஜன்னலாட்டம் இருக்குது" என்றாள். தேவானந்தத்துக்கு மட்டும் அதில் பங்கில்லை. அவர் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட காய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, "நான் கண்ணாலயே சாப்பிட்டுக்கறேன், போ" என்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்தது. ஹாலில் பாய் விரித்திருந்தது. மூலையில் ஜெயக்கொடி அக்கா சொன்ன சொல் தவறாமல் ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தார். வெள்ளை கவுனும் தலையில் பூவளையமுமாக டீனா தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் அவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"கண்ணு, இத நீ தொடலாமா? இதுல என்னென்ன இருக்குதோ!"

கிளாடிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டீனா முந்திக்கொண்டாள்.

"கொய்யா, சக்கரை, எலுமிச்சை. அவ்வளவுதானுங்க ஆன்ட்டி. நானே பிழிஞ்சேன். என்னுத மொதல்ல குடுத்தர்லாமுங்களா? அப்புறம் எல்லாத்து கையிலயும் நெய் ஆயிரும்."

பத்து வயதுப் பிள்ளை இவ்வளவு தெளிவாகப் பேசியது ஜெயக்கொடி அக்காவுக்குப் போதுமாக இருந்தது. அவர் திரும்பி, ஹால் அதிர ஒரு குரல் கொடுத்தார். "லட்டெல்லாம் அப்படியே நிக்கட்டும்! மொதல்ல டீனா ஊட்டு ஜெல்லி!"

டீனா வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து குனிந்து கப்பை வைத்துக்கொண்டே போனாள். ஒருத்தி கப்பைத் தட்டி ஆட்டிப் பார்த்தாள். ஒருவன் ஆட்டாமலேயே முழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான். கடைசிக் கப்போடு டீனா வரிசை நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பூசைக்கு முன்பே ஹால் சமையற்கட்டில் நின்று கிளாடிஸ் தன் கையாலேயே துணி விரித்து அவித்து எடுத்த இட்லி டீனாவின் இலைக்கு வந்தது. இட்லியில் ஜெல்லியைத் தடவி அவள் ஒரு வாய் வைத்ததும், பக்கத்தில் இருந்த பிள்ளையும் அப்படியே செய்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க இட்லிக்கு ஜெல்லிதான். சாம்பார் வாளி கேட்பாரற்று நின்றது.

கிளாடிஸின் கண் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வீங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாண வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்தச் சாலையை இன்றைக்குத்தான் கடந்து முடித்த மாதிரி நெஞ்சு லேசாகிவிட்டது.

"அம்மா!" என்று வரிசையிலிருந்து டீனா கத்தினாள். "பத்தல! எல்லாரும் இன்னொண்ணு கேக்கறாங்க!"

"தீந்துபோச்சு கண்ணு" என்றாள் கிளாடிஸ். அந்த வார்த்தையைச் சொல்வது அவளுக்கு அவ்வளவு இனித்தது.

அப்போதுதான் காலையிலிருந்து தான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அவளுக்கு உறைத்தது. கைப்பையில் மஞ்சள் டப்பா கனத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தது. மூலைக்குப் போனாள். ஜெயக்கொடி அக்கா போட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மகளின் இட்லியைப் பொடியில் தொட்டு ஒன்று விடாமல் சாப்பிட்டாள்.